பூனைக்குப் பாசம் உண்டா? வாலையும் கண்ணையும் பாருங்கள்!

மாணவர்களே, "நாய்க்கு நன்றி உண்டு, பூனைக்குச் சோறுதான் முக்கியம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும்" என்பதும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சுதான்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசைகளின் பின்சந்திலும், கிள்ளான் சந்தையிலும், மாமாக் கடை மேசைக்கு அடியிலும் நாம் தினமும் பூனைகளைப் பார்க்கிறோம். உங்களில் பலர் வீட்டில் ஒன்றாவது இருக்கும். அந்தப் பூனை உங்களை நேசிக்கிறதா, அல்லது உங்கள் கையில் உள்ள மீனை மட்டும்தான் நேசிக்கிறதா? இந்தக் கேள்விக்கு அறிவியல் என்ன பதில் சொல்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு

தொடக்கப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் நினைவிருக்கிறதா? ஐம்புலன்களால் அறிவது உற்றறிதல். அறிந்ததற்குக் காரணம் சொல்வது ஊகித்தல். "பூனை என் காலில் உரசியது" என்பது உற்றறிதல். "பூனைக்கு என்மேல் பாசம்" என்பது ஊகம். பூனையிடம் கேட்டுச் சரிபார்க்க முடியாது. ஆகவே நம் ஊகம் சரியா என்று காண, ஆய்வாளர்கள் பூனையின் உடலசைவுகளை எண்ணியும் அளந்தும் ஒப்பிட்டும் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பாசத்தை நாயிடம் பார்த்துப் பழகியவர்கள். வாலை ஆட்டுவது, மேலே பாய்வது, முகத்தை நக்குவது எல்லாம் நாயின் மொழி. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடும் விலங்கு. கூட்டத்தில் வாழ்வதற்குப் பளிச்சென்று தெரியும் சைகைகள் தேவை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. காட்டுப்பூனை தனியாகத் திரிந்து, தனியாக வேட்டையாடி, தனியாகவே உண்ணும். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு காலம் நம்மோடு பழகியும், தனித்து வாழ்ந்த விலங்கின் அடக்கம் பூனையிடம் இன்னும் இருக்கிறது. அது பாசத்தைச் சின்னச் சின்னச் சைகைகளில்தான் சொல்கிறது. அவை தெரியாதவருக்கு அது "ஒன்றும் சொல்லாத" விலங்காகத் தோன்றும்.

கொடிக்கம்பம் போல் ஒரு வால்

நீங்கள் பள்ளி முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கியபடி வருகிறதா? அதுதான் பூனை மொழியில் "வணக்கம்". குட்டிகள் தாயைக் காணும்போது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். வளர்ந்த பிறகும், தமக்குப் பிடித்த பூனையையும் மனிதரையும் அதே சைகையோடு நெருங்கும்.

1990-களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இதை எளிமையாகச் சோதித்தார்கள். கறுப்புத் தாளில் இரண்டு பூனை உருவங்களை வெட்டினார்கள். ஒன்றுக்கு வால் தூக்கியிருந்தது, மற்றதற்குத் தாழ்ந்திருந்தது. வால் தூக்கிய உருவத்தைக் கண்ட பூனைகள் தாமும் வாலைத் தூக்கி, விரைவாக அருகே வந்தன. தாழ்ந்த வாலைக் கண்டபோது அப்படி நடக்கவில்லை. தூக்கிய வால் "சண்டைக்கு வரவில்லை, நட்பாக வருகிறேன்" என்ற செய்தி என்பது இதனால் உறுதிப்பட்டது.

இங்கே உங்களில் ஒருவர் கையைத் தூக்கிக் கேட்கலாம்: "ஆசிரியர், எங்கள் வீட்டுப் பூனைக்கு வாலே பாதிதானே!" நல்ல கேள்வி. நம் நாட்டில் குட்டை வாலும், நுனி முடிச்சிட்டது போல் வளைந்த வாலும் உள்ள பூனைகள் ஏராளம். பலர் அதைக் கதவில் மாட்டி ஒடிந்த வால் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான பூனைகளுக்கு அது பிறவியிலேயே அமைவது. மலாய்த் தீவுக்கூட்டத்திலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் பாதி நீளமாகவும், பெரும்பாலும் நுனியில் முடிச்சோடும் இருப்பதாக சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். கருவில் முதுகெலும்புக் கண்ணிகள் பிரிந்து அமைவதை நெறிப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று எச்.இ.எஸ்.7. ஆசியக் குட்டைவால் பூனைகளில் இந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது 2016-இல் தெரியவந்தது.

குட்டை வால் பூனையும் வாலைத் தூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். அதனால் நம் ஊர்ப் பூனையைப் படிக்க வாலை மட்டும் நம்பாமல், காதையும் கண்ணையும் நடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உரசலும் பிசைதலும்

அடுத்து உரசல். பூனையின் கன்னம், தாடை, நெற்றி, உதட்டோரம், வாலின் அடி ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் பூனைகளுக்குள் செய்தி சொல்பவை. இவற்றுக்கு ஃபெரோமோன்கள் என்று பெயர். பூனை உங்கள் காலில் கன்னத்தைத் தேய்க்கும்போது தன் வாசனையை உங்கள்மேல் பூசுகிறது. நட்பாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசித் தம் கூட்டத்துக்கென ஒரு பொது வாசனையை உருவாக்குகின்றன. உங்களையும் உரசுகிறது என்றால், உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது. நீங்கள் பள்ளியிலிருந்து வேறு வாசனைகளோடு திரும்பியதும் அது உரசுவதை இப்போது புரிந்துகொள்ளலாம்.

ரொட்டி சானாய்க்கு மாவு பிசைவது போல், முன்கால்களால் உங்கள் மடியை மாறிமாறி அழுத்தும் பூனையையும் பார்த்திருப்பீர்கள். பால் குடிக்கும் குட்டி, பால் நன்றாகச் சுரப்பதற்காகத் தாயின் வயிற்றை இப்படித்தான் அழுத்தும். வளர்ந்த பூனை நிம்மதியாக இருக்கும்போது அந்தப் பழக்கம் திரும்புகிறது. நகம் குத்தினால் திட்டாதீர்கள். மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

கொன்ற எலியைக் கொண்டுவந்து வாசலில் போடுவது பாசமா? "பரிசு" என்று நாம் சொல்கிறோம். ஆனால் இரையைத் தனக்குப் பாதுகாப்பான இடத்துக்கு எடுத்து வருகிறது என்பதும் பொருத்தமான விளக்கமே. இங்கே எலி உற்றறிதல், பரிசு என்பது ஊகம்.

பூனை கண்ணை மூடினால்...

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா?" என்பது நம் பழமொழி. உலகம் இருளாது, ஆனால் அது உங்களைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடினால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

விலங்குகளிடையே இமைக்காமல் உற்றுப் பார்ப்பது மிரட்டல். கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறப்பது அதற்கு நேர்மாறான சைகை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாஸ்மின் ஹம்ஃப்ரி, கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2020-இல் இதைச் சோதித்தார்கள். முதல் சோதனையில் 14 வீடுகளைச் சேர்ந்த 21 பூனைகள் பங்கெடுத்தன. வளர்ப்பவர்கள் தம் பூனையைப் பார்த்து மெதுவாகக் கண் சிமிட்டியபோது, பூனைகளும் கண்ணைச் சுருக்குவதும் பாதி மூடுவதும் அதிகரித்தது. இரண்டாம் சோதனையில் பூனைகள் அறியாத ஆய்வாளர் ஒருவர் சிமிட்டினார். முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தபோது வந்ததைவிட, மெதுவாகச் சிமிட்டிய பிறகு பூனைகள் அவர் நீட்டிய கையை அதிகம் நாடி வந்தன.

குரலில் என்ன இருக்கிறது?

மடியில் படுத்து "குர்ர்" என்று ஓசை எழுப்பும் பூனையைத் தொட்டுப் பாருங்கள்; உடலே அதிரும். அந்த ஓசையின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 வரைதான். யானை போன்ற பெரிய விலங்குகளிடம் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாழ்ந்த ஒலி, நான்கைந்து கிலோ எடையுள்ள பூனையிடம் எப்படி வருகிறது? ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் 2023-இல் ஒரு விடை தந்தார்கள். பூனையின் குரல்நாண்களுக்குள் மெத்தை போன்ற இணைப்புத் திசு இருக்கிறது. அது குரல்நாண்களைக் கனமாக்குவதால் அவை மெதுவாக அதிர்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூனை மகிழ்ச்சியில் மட்டும் இந்த ஓசையை எழுப்புவதில்லை. வலியிலும் அச்சத்திலும் கூட எழுப்பும். சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்து "குர்ர்" என்றால் "பாசமாக இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேரன் மெக்கோம்ப் 2009-இல் இன்னொன்றையும் கண்டறிந்தார். உணவு கேட்கும்போது சில பூனைகள் இந்தத் தாழ்ந்த ஓசைக்குள் உயர்ந்த அழுகுரல் ஒன்றைக் கலக்கின்றன. அதன் அதிர்வெண் மனிதக் குழந்தையின் அழுகையை ஒத்தது. காலையில் உங்களை எழுப்பும் அந்தக் குரலை அலட்சியம் செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான்!

"மியாவ்" என்பதும் கவனிக்க வேண்டியது. குட்டிகள் தாயிடம் இப்படிக் கத்தும். வளர்ந்த பூனைகள் தமக்குள் அபூர்வமாகவே "மியாவ்" என்கின்றன. அதைப் பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருக்கின்றன.

பூனை பேசுவது இருக்கட்டும், நாம் பேசுவது அதற்குத் தெரியுமா? ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோ 2013-இல் 20 பூனைகளுக்கு, அவற்றின் பெயரை அந்நியர்களும் வளர்ப்பவரும் அழைக்கும் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார். வளர்ப்பவரின் குரலைப் பூனைகள் பிரித்தறிந்தன. ஆனால் எழுந்து ஓடி வரவில்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. காதைத் திருப்பின, தலையைச் சற்று அசைத்தன, அவ்வளவுதான். 2019-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே நீளமுள்ள மற்றச் சொற்களிலிருந்து தம் பெயரைப் பூனைகள் பிரித்தறிகின்றன என்பதும் தெரிந்தது. நீங்கள் பத்து முறை கூப்பிட்டும் வராத பூனைக்குக் காது கேட்காமல் இல்லை. அடுத்த முறை அதன் காதைக் கவனியுங்கள்.

குழந்தைகளுக்கான சோதனை, பூனைகளுக்கு

இதுவரை பார்த்தவை நட்பின் அடையாளங்கள். பிணைப்பு அதைவிட ஆழமானது. புதிய இடத்தில் குழந்தை தாயை ஒட்டி நின்று தைரியம் பெறும். பிறகு விளையாடப் போகும். தாய் அதற்குப் பாதுகாப்பான தளம். இதை அளக்க உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த் ஒரு சோதனையை உருவாக்கினார்: புதிய அறையில் தாய் குழந்தையை விட்டுச் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புவார். திரும்பியதும் குழந்தை என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல் குழுவினர் 2019-இல் பூனைக் குட்டிகளுக்கு இதையே செய்தார்கள். புதிய அறையில் வளர்ப்பவரோடு 2 நிமிடம், தனியாக 2 நிமிடம், மீண்டும் வளர்ப்பவரோடு 2 நிமிடம். வகைப்படுத்த முடிந்த 70 குட்டிகளில் 64.3 விழுக்காட்டுக் குட்டிகள் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. அவை திரும்பி வந்தவரை வரவேற்று, மனம் ஆறி, மீண்டும் அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. மீதி 35.7 விழுக்காடு பாதுகாப்பற்ற பிணைப்பு. அவற்றில் சில விடாமல் ஒட்டிக்கொண்டன, சில விலகிப் போயின. வளர்ந்த 38 பூனைகளில் 65.8 விழுக்காடு பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. மனிதக் குழந்தைகளிடமும் இந்த அளவு சுமார் 65 விழுக்காடுதான்!

உடனே தீர்ப்பு எழுதிவிடலாமா? பொறுங்கள். 2015-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் பாட்டர், டேனியல் மில்ஸ் ஆகியோர் 20 பூனைகளை வேறு முறையில் சோதித்தார்கள். அந்நியர் போனபோது கத்தியதைவிட வளர்ப்பவர் போனபோது பூனைகள் அதிகம் கத்தின. ஆயினும் தம் பாதுகாப்புக்காக அவரைச் சார்ந்திருக்கின்றன என்பதற்கு வேறு சான்று கிடைக்கவில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள். சோதனை முறையும் பூனைகளின் எண்ணிக்கையும் வயதும் மாறினால் முடிவும் மாறலாம். ஆனால் லிங்கன் ஆய்வு காட்டியதைக் கவனியுங்கள்: வளர்ப்பவரும் அந்நியரும் பூனைக்கு ஒன்றல்ல. "எந்தக் கை சோறு வைத்தாலும் பூனைக்குச் சரி" என்ற பேச்சு அந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை.

2 முதல் 7 வாரம்

அப்படியானால் சில பூனைகள் மனிதரைக் கண்டாலே ஏன் ஓடுகின்றன? அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் செய்த ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. பிறந்த 2-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரம் வரை குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் காலம். அப்போது கையில் எடுத்துக் கொஞ்சப்பட்ட குட்டி மனிதரை நம்பும். தினமும் 40 நிமிடம் கையாளப்பட்ட குட்டிகள், 15 நிமிடம் மட்டும் கையாளப்பட்டவற்றைவிட மனிதரிடம் அதிகம் ஒட்டின. பின்சந்தில் பிறந்து, அந்தச் சில வாரங்களில் கல்லெறியையும் தண்ணீர் வீச்சையும் மட்டுமே கண்ட குட்டி வளர்ந்த பிறகு நம்மைக் கண்டு ஓடினால், அது நன்றிகெட்டது என்று சொல்வது நியாயமா?

இனி கடினமான ஒரு விஷயம். வீடு மாறும்போதும், வீட்டில் குட்டிகள் பெருகும்போதும், பெட்டியில் போட்டுச் சந்தையிலோ உணவகத்தின் பின்புறமோ விட்டுவிட்டு வரும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. "அங்கே மீன் தலை கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். பூனைக்குத் தேவை சோறு மட்டும்தான் என்றால் இந்த வாதம் சரியாகலாம். ஆனால் நீங்கள் இப்போது படித்தது வேறு. குரலை அறிந்த, வாசனையைப் பகிர்ந்த, பாதுகாப்பான தளமாக நம்பிய ஒருவரை அந்தப் பூனை இழக்கிறது. தாய்ப்பால் மறக்காத குட்டியோ தாயையும் சேர்த்து இழக்கிறது.

நம் நாட்டின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2015 (சட்டம் 772), விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. பெண் பூனை நான்கு முதல் ஆறு மாத வயதிலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம்தான். ஆகவே உரிய காலத்தில் கருத்தடை அறுவை செய்துவிட்டால், பெட்டியில் போட வேண்டிய குட்டிகளே பிறக்கா. அடுக்ககத்துக்குக் குடிபோகும்முன் அங்கே பூனை வளர்க்க அனுமதி உண்டா என்று பெற்றோரைக் கேட்கச் சொல்லுங்கள். குட்டியைப் பிறருக்குக் கொடுப்பதானால் குறைந்தது 8 வாரம் தாயோடு விட்டு, வளர்ப்பவர் யார் என்று தெரிந்து கொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவை: உங்கள் வீட்டுப் பூனை, நோட்டுப் புத்தகம், பொறுமை.

1. பூனை விழித்து, அமைதியாக அமர்ந்திருக்கும் நேரத்தில் சுமார் 1 மீட்டர் தள்ளி உட்காருங்கள். சாப்பாட்டு நேரம் வேண்டாம்.

2. கண்ணைச் சற்றுச் சுருக்கி, மெதுவாக மூடி, இரண்டு நொடி கழித்துத் திறங்கள். பூனை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

3. வேறொரு நாள் அதே இடத்தில், அதே நேரத்தில், சிமிட்டாமல் பூனையின் பக்கம் சாதாரணமாகத் திரும்பி அமர்ந்திருங்கள். அதையும் எழுதுங்கள்.

4. ஒவ்வொன்றையும் 10 முறை செய்து அட்டவணைப்படுத்துங்கள்.

தற்சார்பு மாறி: மெதுவாகக் கண் சிமிட்டுவதும் சிமிட்டாமல் இருப்பதும். சார்பு மாறி: பூனை கண்ணைச் சுருக்கிய எண்ணிக்கை. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: இடம், நேரம், தூரம், சோதனை செய்யும் ஆள். உங்கள் கருதுகோளை முதலில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முடிவு கருதுகோளுக்கு எதிராக வந்தாலும் அப்படியே பதிவு செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியவை: பூனை காதைப் பின்னுக்கு மடித்தாலோ வாலைப் படபடவென அடித்தாலோ "போதும்" என்று பொருள், விலகிவிடுங்கள். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கைதான். ஆனால் வயிற்றைத் தடவு என்ற அழைப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருப்பூனைகளிடம் இச்சோதனையைச் செய்ய வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, பெரியவர்களிடம் சொல்லி மருந்தகத்துக்குச் செல்லுங்கள். பூனையின் கழிவை அகற்றிய பிறகு கையைக் கழுவ மறவாதீர்கள். அதில் டோக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பூனையைத் தூக்கி அணைக்க அவசரப்படாதீர்கள். கீழே உட்காருங்கள், கையைத் தாழ்வாக நீட்டுங்கள், மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து காத்திருங்கள். அது வாலைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் விரலில் கன்னத்தைத் தேய்த்தால், பக்கத்தில் இருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அதன் பொருளைச் சொல்லுங்கள்.